வார்டா, மாகாணச் சட்டமன்றமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அரசியலுக்கு வர விரும்பும் நம் இளைஞர்கள் பலர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கூடும் குவாசுலு-நட்டால் மாகாணச் சட்டமன்றத்தையே கனவு காண்கிறார்கள். அங்கே 80 இடங்கள். பள்ளி, மருத்துவமனை போன்ற பெரிய துறைகள் அதன் பார்வைக்குள் வருகின்றன. மாகாண அரசின் தலைவரான பிரீமியர் தம் அமைச்சர்களை அந்த உறுப்பினர்களிலிருந்துதான் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு இருப்பதுபோல் இவர்களுக்குத் தொகுதி கிடையாது. வாக்காளர்கள் ஒரு கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். அதன் வேட்பாளர் பட்டியலில் யார் மேலே, யார் கீழே என்பதைக் கட்சியே முடிவு செய்கிறது. கட்சியை விட்டு விலகினால் பதவியும் போய்விடும். காலியான இடத்துக்கு இடைத்தேர்தல் இல்லை. பட்டியலில் அடுத்தவர் வந்து அமர்கிறார். 2024 தேர்தலிலிருந்து சுயேச்சைகளும் போட்டியிடலாம் என்பது நல்ல மாற்றம்தான். ஆனாலும் மாகாணம் முழுவதும் வாக்குத் திரட்டுவது தனி ஆளுக்கு மலையைப் பிளக்கும் வேலை.

வார்டு கவுன்சிலரின் அதிகாரம் சிறியது: தண்ணீர், குப்பை, தெருவிளக்கு. இருந்தாலும் டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மக்கள் அவரை நேரடியாகப் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். குழாயில் தண்ணீர் வராத வீட்டுப் பாட்டி யாரிடம் கேட்பது என்று அறிந்திருக்கிறார். முதலில் வார்டு என்பதே என் உறுதியான கருத்து. மக்களிடம் பெயர் எடுத்தவரைப் பட்டியலின் அடியில் தள்ளக் கட்சித் தலைமை யோசிக்கும்.