படுதா போட்ட தாருக்கு எந்தப் பூட்டு?

ஏலக்காய்த் தோட்டம் கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம், வீடு தமிழ்நாட்டுக் கம்பத்தில். மஹிந்திரா தார் ஜீப் வாங்கியபோது படுதா மாடல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். மேலே திறந்துவிட்டு மேட்டு ரோட்டில் ஏறுகிற சுகம் அப்படி. போன வருடம் ஒரு ராத்திரி, வாசலில் நின்ற வண்டியின் பின்பக்கப் படுதாவை யாரோ பிளேடால் கிழித்து டூல் பெட்டியை எடுத்துப் போய்விட்டார்கள். வண்டி தப்பியது. அன்றிலிருந்து கதவுப் பூட்டை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. திருடன் ஏற்கெனவே டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டான் என்று வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பூட்டையும் எடை போடுகிறேன்.

சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளப்ப விடாத, கம்பெனி கொடுக்கும் இம்மொபிலைசர் போதாதா என்று கேட்பார்கள். அமெரிக்காவின் சான்டியாகோ பகுதியில் ஒரு கும்பல், தார் மாதிரியே இருக்கும் ஜீப் ராங்ளர் வண்டிகள் சுமார் 150ஐத் திருடி மெக்சிகோ எல்லைக்கு அந்தப்புறம் கொண்டுபோனது. 2017இல் அவர்கள்மீது வழக்குப் பாய்ந்தது. கண்ணாடி வழியாக வண்டியின் அடையாளமான சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். அதை வைத்துச் சாவிக் குறியீட்டை வாங்கி டூப்ளிகேட் வெட்டுவார்கள். அப்புறம் ஹாரனையும் விளக்கையும் செயலிழக்கச் செய்துவிட்டு, டேஷ்போர்டுக்குக் கீழே மெக்கானிக்குகள் கருவி மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் தங்கள் கருவியைச் செருகிப் புதுச் சாவியை வண்டிக்குப் பழக்கிவிடுவார்கள். வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். எலெக்ட்ரானிக் பூட்டை எலெக்ட்ரானிக் கருவி திறந்துவிடும். அதனால் கையால் உடைக்கவோ தேடிப்பிடிக்கவோ வேண்டிய தடை ஒன்றாவது வேண்டும்.

அங்கேதான் கியர் லிவரை ரிவர்ஸில் நிறுத்திப் பூட்டும் கியர் லாக்கா, ஸ்டீயரிங்கைத் திருப்ப விடாத ஸ்டீயரிங் லாக்கா என்ற கேள்வி. காருக்கு என்றால் யோசிக்காமல் கியர் லாக் என்பேன். பாடியோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பதால் சுலபத்தில் பெயர்க்க முடியாது. ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும் 4x4 தாரில் ஒரு ஓட்டை இருக்கிறது, விற்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. கியருக்குப் பக்கத்தில், நாலு சக்கர இழுவைக்கு மாற்றும் குட்டி லிவரை நியூட்ரலுக்குத் தள்ளினால், ரிவர்ஸில் பூட்டிய கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். எஞ்சினால் ஓட்ட முடியாதுதான். ஆனால் ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் சரிவில் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போகலாம், கயிறு கட்டியும் இழுக்கலாம். எங்கள் ஊர்ப் பக்கம் சரிவுக்குப் பஞ்சமில்லை. அதனால் 4x4க்கு ஸ்டீயரிங்கில் மாட்டும் தடிதான் என் தேர்வு. ஸ்டீயரிங் வளையத்தை ரம்பத்தால் அறுத்துத் தடியைக் கழற்றலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கு நேரம் ஆகும், சத்தமும் வரும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தார் என்றால், அந்தக் குட்டி லிவரே கிடையாது. கியர் லாக் போடலாம்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், கரண்டை வெட்டுவதற்கு மறைத்து வைக்கும் கட்-ஆஃப் சுவிட்ச். அதிலும் எதை வெட்டுகிறோம் என்பது முக்கியம். எங்கள் எலக்ட்ரீசியன் தம்பி முதலில், "ஸ்டார்ட்டர் வயரை வெட்டிவிடலாம்ண்ணே, ஈசி" என்றான். மலையில் அது பிரயோஜனப்படாது. மேனுவல் கியர் வண்டியைச் சரிவில் உருட்டி இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டால் ஸ்டார்ட்டர் இல்லாமலே உயிர் வந்துவிடும். என்னுடையது பெட்ரோல் வண்டி. எரிபொருள் பம்புக்குப் போகும் கரண்டை வெட்டச் சொன்னேன். கம்பெனி வயரிங்கைத் தொட்டால் வாரண்டி சிக்கல் வரலாம், அதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

ஜிபிஎஸ் எல்லோரும் முதலில் வாங்குவது; நான் மூன்றாவதாக வைக்கிறேன். அது திருட்டைத் தடுக்காது, போனதைக் காட்டும். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறினால் சீக்கிரமே கேரளா வந்துவிடும், நடுவில் சிக்னல் அறுந்துபோகும் வளைவுகளும் உண்டு. வாங்குவதானால் உள்ளே தனி பேட்டரி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஓடும் வண்டியை ஃபோனிலிருந்து நிறுத்தும் வசதியை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக் கல்லாகிவிடும். எதிரே தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப் வரும்.

படுதாவுக்குப் பதில் கெட்டிக் கூரையான ஹார்ட் டாப் மாட்டினால் உள்ளே இருக்கும் சாமானுக்குப் பாதுகாப்பு, வண்டிக்கு அவ்வளவாக இல்லை. ஓபிடி சாக்கெட்டுக்கு இரும்பு மூடி மலிவு, போட்டுவிடலாம். ஆர்.சி.யை வண்டியில் வைக்க வேண்டாம், சேஸிஸ் எண் அதிலும் இருக்கிறது. அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் காட்டினாலே செல்லும்.

வண்டி எல்லை தாண்டிவிட்டால் எந்த ஸ்டேஷன் என்று அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, எல்லைக்கு உட்படாத ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். இன்சூரன்ஸ் தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் திருட்டுக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசி இருந்தாலும் கிளெய்முக்கு இரண்டு சாவியையும் கேட்பார்கள். இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே வீட்டில் தேடிப் பாருங்கள்.