ஒசெல்டாமிவிரா, பலோக்சாவிரா? ஃபுளூ வைரஸ் எதற்கு எளிதில் தப்புகிறது

இரண்டுமே ஃபுளூ காய்ச்சலுக்கான மருந்துகள். பெரியவர்களுக்கு ஒசெல்டாமிவிர் 75 மில்லிகிராம், தினம் இரு வேளை, ஐந்து நாள். பலோக்சாவிர் ஒரே வேளையில் முடிந்துவிடும். வசதியில் யார் ஜெயிப்பார் என்று சொல்லவேண்டியதில்லை. வைரஸ் எதற்கு டிமிக்கி கொடுக்கும் என்பதுதான் வழக்கு.

ஒசெல்டாமிவிர் தடுப்பது கடைசிக் கட்டத்தை. பெருகிய வைரஸ்களைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து விடுவிப்பது நியூராமினிடேஸ் என்ற நொதி. மருந்து அதன் குழிக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. எச்1என்1 என்ற ஃபுளூ வகையில், அந்த நொதியின் 275ஆம் இடத்தில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் டைரோசின் என்ற இன்னொன்றாக மாறினால், மருந்துக்கு இடம்விடும் சிறு அசைவு தடைபடுகிறது. இம்மாற்றம் வைரஸையே நலிவாக்கும், ஆகவே பரவாது என்று பலரும் நிம்மதியாக இருந்தார்கள். 2007-08 குளிர்காலத்தில் அந்த நிம்மதி போயிற்று: இம்மருந்து அதிகம் புழங்காத நார்வேயிலேயே மருந்துக்கு மசியாத வைரஸ் பெருவாரியாகத் தென்பட்டது. வேறு மாற்றங்கள் நலிவை ஈடுகட்டியிருந்தன. 2009இல் வந்த பன்றிக்காய்ச்சல் வைரஸ் பழையதை ஓரங்கட்டியதால்தான் மருந்து பிழைத்தது. நம் சாமர்த்தியம் அதில் எதுவுமில்லை.

பலோக்சாவிர், 2018இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. வைரஸ் பெருகத் தொடங்கும்போதே, அதற்குத் தேவையான பிஏ என்ற வைரஸ் புரதத்தை முடக்குகிறது. ஆனால் சோதனைகளில், சிகிச்சை நடக்கும்போதே அந்தப் புரதத்தின் 38ஆம் இடம் மாறி, மருந்துக்கு எளிதில் மசியாத வைரஸ் பெரியவர்களில் சுமார் 10 சதவீதத்தினரிடமும், ஜப்பானியக் குழந்தைகளில் சுமார் 23 சதவீதத்தினரிடமும் முளைத்தது. சின்னக் குழந்தைக்கு என்றால் என் ஓட்டு ஒசெல்டாமிவிருக்கே. ஒன்றுக்கு மசியாத வைரஸ் பொதுவாக மற்றதற்கு மசியும் என்பதால், இரண்டும் கையிருப்பில் இருக்கட்டும்.