பி.டி. சார் கிரவுண்டு: புதுவயல் பக்கம் வாலிபால் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

காரைக்குடி, கண்டனூர், புதுவயல் பக்கம் இருக்கிறவர்கள் பலர் பிள்ளையை விளையாட்டுக்கு எங்கே சேர்ப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். என் மகள் எட்டாம் வகுப்பு, எங்கள் ஊர் பி.டி. சாரிடம் வாலிபால் பயிற்சிக்குப் போகிறாள். அங்கே என்ன நடக்கிறது, யாருக்குச் சரிவரும், எங்கே குறை என்று விவரமாகவே எழுதிவிடுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும்: நானும் ஆறாம் வகுப்பிலிருந்து அவர் விசிலுக்கு வரிசையில் நின்றவன். அந்தப் பிரியம் எழுத்தில் தெரியும், தெரியட்டும். பெயரையும் போன் நம்பரையும் போட வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

காலை 5.30 முதல் 7.15 வரை, மாலை 4.45 முதல் 6.30 வரை. ஞாயிற்றுக்கிழமை காலை மேட்ச் மட்டும். மாதம் 300 ரூபாய், முடியாதவர்களிடம் வாங்குவதில்லை, யார் கட்டுகிறார்கள், யார் கட்டவில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர் மகனும் பெரிய வீட்டுப் பிள்ளையும் ஒரே வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறார்கள். தாமதமாக வந்தால் திருப்பி அனுப்பமாட்டார், உட்கார வைத்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கச் சொல்வார், கடைசியில் என்ன பார்த்தாய் என்று கேட்பார். பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சேர்ந்த புதிதில் என் மகள் வீட்டுக்கு வந்து அழுதாள். பந்தையே தரமாட்டேன் என்கிறார், குதி குதி என்றே சொல்கிறார் என்று. உண்மைதான். முதலில் மணல் கொட்டிய குழியில், அப்புறம் செம்மண் தரையில் குதித்து இரண்டு காலும் சேர இறங்க வேண்டும், முட்டி உள்பக்கம் சாயக் கூடாது, பாதம் தரையில் படும்போது சத்தம் வரக் கூடாது. சில நாள் சார் முதுகைக் காட்டி நின்றுகொண்டு காதால் மட்டும் கேட்பார். "ஆத்தா, வலது கால் முந்தி விழுகுது பாரு" என்பார், திரும்பாமலே. நான் போய் ஏன் சார் இவ்வளவு நாள் இதையே என்று கேட்டேன். "பொம்பளப் பிள்ளைகளுக்கு முட்டி ஜவ்வு சீக்கிரம் போயிரும்ப்பா. ஸ்மாஷ் அடிக்க ஒரு மாசத்துல கத்துக்கிரலாம். ஜவ்வு கிழிஞ்சா ஒரு வருசம் போச்சு, சில பேருக்கு ஆட்டமே போச்சு" என்றார். வாலிபாலில் குதித்து இறங்கும் நேரத்தில்தான் முட்டி ஜவ்வு அதிகம் கிழிகிறது, வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்குப் பையன்களைவிட அது கூடுதலாக நேர்கிறது என்று பின்னால் ஓர் எலும்பு டாக்டரும் என்னிடம் சொன்னார். பணம் வாங்கிக்கொண்டு பயிற்சி தருகிற இடங்களில் முதல் நாளே பந்தைக் கொடுத்து ஸ்மாஷ் அடிக்க விட்டு வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள், பெற்றோருக்கும் சந்தோஷம். சார் அப்படிச் செய்யவில்லை என்பதற்காகவே நான் மகளை அங்கே விட்டிருக்கிறேன்.

வலைக் கம்பத்தில் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்திருக்கிறார். மேல் கோடு 2.43 மீட்டர், ஆண்களுக்கு. அடுத்தது 2.24, பெண்களுக்கு. அதற்குக் கீழேயும் கோடுகள் உண்டு, சின்னப் பிள்ளைகளுக்காக. ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பெரியவர்கள் வலையில் நிறுத்தினால் சர்வீஸ் தாண்டாது, தாண்ட வைக்க உடம்பை முறுக்கித் தோளை உலுக்கி எறியும், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு பிடுங்குவது பெரும்பாடு. வலையை இறக்கிக் கட்டினால் பாதி வேலை முடிந்தது என்பார் சார். இறக்கி ஏற்றிக் கட்டும் வேலையை ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அவரே செய்கிறார், இந்த வயதிலும்.

சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயிற்சியைப் பற்றிச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். விவசாயக் குடும்பம். காரைக்குடி அழகப்பா உடற்கல்விக் கல்லூரியில் படித்தார். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி 1920இலேயே வந்துவிட்டது, ஆனால் சைக்கிளில் போய் வருகிற தூரத்தில் 1956இல் அழகப்பச் செட்டியார் ஒரு கல்லூரி வைத்ததால்தான் தன்னைப் போல ஒருவன் வாத்தியார் ஆக முடிந்தது என்று இன்றைக்கும் சொல்வார். அப்புறம் எங்கள் ஊர் உதவிபெறும் பள்ளியில் வேலை, ஓய்வு பெறும்வரை அதே பள்ளி, அதே கிரவுண்டு. காலை பிரேயர் வரிசை, சுதந்திர தின அணிவகுப்பு, ஆண்டு விளையாட்டு விழா, பரிட்சை ஹால் டியூட்டி, தேர்தல் டியூட்டி, யார் வீட்டில் சண்டை, எவன் பள்ளிக்கு வராமல் கண்மாயில் குளிக்கிறான் என்பதுவரை எல்லாம் பி.டி. சார் தலையில்தான் விழும். பாடம் முடியவில்லை என்று மற்ற ஆசிரியர்கள் டிரில் பீரியடைக் கேட்பது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். எங்கள் சார் கொடுக்கமாட்டார். "வாரத்துக்கு ரெண்டு பீரியட்தான் பிள்ளைக மேல வெயில் படுது, அதையும் கேக்காதீங்க" என்று அவர் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று சொன்னதை நாங்களே கேட்டிருக்கிறோம். மாவட்டப் போட்டிக்கு சிவகங்கை போனால் பஸ் காசும் ராத்திரி பரோட்டாவும் பெரும்பாலும் சார் கைக்காசு. ஜெயித்தாலும் தோற்றாலும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒவ்வொருவனையும் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார்.

2020 மே மாதம் 58 வயதில் ஓய்வு பெற வேண்டியவர். அந்த மாதம்தான் தமிழக அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது, 2021இல் 60 ஆக்கியது. கூடக் கிடைத்த இரண்டு வருடத்தில் பெரும்பகுதி கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்தது. 2022இல் ஓய்வு பெற்ற கையோடு பள்ளி நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு இந்தப் பயிற்சியைத் தொடங்கினார். ஏன் சார், வீட்டில் உட்காரக் கூடாதா என்று நான் கேட்டதற்கு, "ரெண்டு வருசம் சம்பளம் வாங்கினேன், கிரவுண்டுல பிள்ளை இல்ல. அந்தக் கணக்கத் தீக்கணும்ல" என்றார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார். முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும்.

ஆட்டம் எவ்வளவு மாறினாலும் அவர் கூடவே படித்துக்கொண்டு வருகிறார், இதையும் சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் செட்டுக்கு 15 பாயிண்ட், கடைசி செட்டைத் தவிர சர்வீஸ் போடுகிற பக்கத்துக்கு மட்டும்தான் பாயிண்ட். சர்வீஸ் வெளியே போனால் பந்து கை மாறும், அவ்வளவுதான். 1990களின் கடைசியில் ஒவ்வொரு ராலிக்கும் பாயிண்ட், செட்டுக்கு 25 என்று வந்த பிறகு ஒரு தப்பு சர்வீஸ் என்றால் எதிரணிக்கு ஒரு பாயிண்ட் தானம். பழைய வாத்தியார்கள் பலர் இன்னும் பழைய கணக்கிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். சார் இப்போது பயிற்சியின் கடைசிக் கால் மணி நேரம் களைத்த கையோடு சர்வீஸ் மட்டும் போடச் சொல்கிறார், மேட்ச்சில் களைத்த பிறகுதான் தப்பு வருகிறது என்பதால். என் மகள் உயரம் குறைவு. முன்பென்றால் குட்டைப் பிள்ளைக்கு வாலிபாலில் இடம் கிடைப்பது கஷ்டம். பின்வரிசையில் நின்று பந்தை எடுப்பதற்கென்றே லிபரோ என்று ஒரு இடம் 1998இல் வந்ததல்லவா, சார் அவளை அதற்குத் தயார் பண்ணுகிறார். "வளந்தா வளரட்டும், வளராட்டியும் ஆடலாம்" என்று அவளிடமே சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் சாப்பிட்ட சாப்பாட்டை நான் மறக்கமாட்டேன்.

பெண்பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு: சாரின் மனைவியும் ஓய்வு பெற்ற ஆசிரியைதான், தமிழ் டீச்சர். பயிற்சி நேரம் முழுக்க வேப்ப மரத்தடியில் சேர் போட்டு உட்கார்ந்திருப்பார். மாதவிலக்கு, வயிற்றுவலி என்று எதுவானாலும் பிள்ளைகள் டீச்சரிடம் சொன்னால் போதும், டீச்சர் சாரைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஸ்கோர் எழுதும் வேலை. வேறு கேள்வி கிடையாது. பத்தாம் வகுப்பு வந்ததும் பெண்ணை நிறுத்துகிற வீடுகள் இங்கே நிறைய. சாரும் டீச்சரும் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போவார்கள், திண்ணையில் உட்கார்ந்து அந்த வீட்டு ஆயாவிடம் முதலில் பேசுவார்கள், அப்பனிடம் அப்புறம்தான். பொதுத்தேர்வு முடியும்வரை வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால் போதும் என்று குறைத்துக் கொடுப்பார்கள். எல்லா வீட்டிலும் சம்மதிப்பதில்லை. ஆனாலும் போகாமல் விடமாட்டார்கள்.

அடிபட்டால்: ஃபிளாஸ்கில் ஐஸ் கட்டியும் பையில் கிரேப் பேண்டேஜும் எப்போதும் இருக்கும். சுளுக்கு விழுந்த உடனே எண்ணெய் போட்டு நீவ விடமாட்டார், வீக்கம் கூடும் என்பார். எண்ணெய்க் கிண்ணத்தோடு கிரவுண்டுக்கே வந்த ஒரு அப்பத்தாவிடம் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன்.

சான்றிதழ் விஷயம் தெரியாமல் ஏமாந்தவர்கள் அதிகம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல் உண்டு. பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தருகிற அடையாள எண்), ஆடிய போட்டி விவரம் எல்லாம் அதில். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பள்ளிப் போட்டிகள் நடக்கின்றன, குறுவட்டத்தில் (அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த சின்ன வட்டாரம்) தொடங்கி வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம் என்று ஏற வேண்டும். பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி, முதலமைச்சர் கோப்பை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி. பள்ளிப் போட்டிக்கு நுழைவு அந்தந்தப் பிள்ளை படிக்கிற பள்ளி வழியாகத்தான் போக முடியும், தனியார் பயிற்சிக்காரர் யாரும் நேரே அனுப்ப முடியாது. இது தெரியாமல் பயிற்சிக் கட்டணம் மட்டும் கட்டிவிட்டு வருடம் முழுக்கக் காத்திருந்த பெற்றோரை எனக்குத் தெரியும். சார் அந்தந்தப் பள்ளி பி.டி. ஆசிரியருக்குப் போன் போட்டுப் பேசிவிடுவார், அவர்களில் பாதிப் பேர் அவரிடமே படித்தவர்கள். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம், பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம் என்பதெல்லாம் இருக்கிறது, ஆனால் குறுவட்டக் கோப்பையைக் காட்டி அது எதுவும் கிடைக்காது என்று சேர்கிற அன்றைக்கே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சான்றிதழை லேமினேட் பண்ணாதீர்கள் என்பதையும் கூடவே சொல்வார்.

சரி, குறைகள். திறந்தவெளி, கூரை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் செம்மண் சேறாகி நாள் கணக்கில் பயிற்சி நிற்கும். பள்ளிக் கழிப்பறைச் சாவி வாட்ச்மேனிடம், அவர் வருவதோ ஆறு மணிக்கு மேல். இது பெண்பிள்ளைகளுக்கு உண்மையிலேயே சிரமம், நிர்வாகத்திடம் பெற்றோர் சேர்ந்து கேட்டிருக்கிறோம், இன்னும் நடக்கவில்லை. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் பழைய மாணவர்கள் பந்தும் ஷூவும் அனுப்புவதால் சாமானுக்குக் குறைவில்லை, ஆனால் ஆள் பற்றவில்லை. சாருக்குத் துணை ஒரே ஒரு பழைய மாணவர், அவரும் உடற்கல்வி படித்துக்கொண்டே வருகிறார், பரிட்சை நேரத்தில் சார் தனி ஆள். கோடை விடுமுறையில் கூட்டம் எகிறும்போது பிள்ளைக்குக் கிடைக்கும் கவனம் குறைகிறது. வாட்ஸ்அப் குரூப், புகைப்படம், மாதாந்திர அறிக்கை எதுவும் கிடையாது, பிள்ளை எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டுமானால் நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, பெற்றோர் கோட்டுக்கு வெளியே நின்று பிள்ளைக்குக் கத்திச் சொல்லிக்கொடுப்பது அவருக்குப் பிடிக்காது, எவ்வளவு பெரிய மனிதர் ஆனாலும் மரத்தடிக்கு அனுப்பிவிடுவார். சிலர் இதற்காகவே பிள்ளையை நிறுத்தியிருக்கிறார்கள்.

பத்து வயதிலிருந்து பதினாலு வயதுக்குள் இருக்கிற பிள்ளை, ஆட்டத்தை அடியிலிருந்து பொறுமையாகக் கற்க வேண்டும் என்று நினைக்கிற வீடு என்றால் இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பில் வந்து ஆறு மாதத்தில் கோட்டாவுக்குச் சான்றிதழ் வேண்டும் என்றால் இங்கே வர வேண்டாம், சாரே வேண்டாம் என்றுதான் சொல்வார். அஞ்சுக்கு நாலரை கொடுக்கிறேன், அந்த அரை கழிப்பறைச் சாவிக்காக.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம் சேர்ப்பதுதான் நல்லது, குறுவட்டப் போட்டி நெருங்கிய பிறகு சேர்த்தால் சார் ஆடுகிற பிள்ளைகள் மேல் கவனமாக இருப்பார். வரும்போது பிறப்புச் சான்றிதழ் நகல், தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, பயிற்சி முடிந்ததும் சாப்பிட வாழைப்பழமோ அவித்த கொண்டைக்கடலையோ போதும். ஷூவை முன்கூட்டியே வாங்க வேண்டாம், பிள்ளை குதித்து இறங்குவதைப் பார்த்துவிட்டு எந்த மாதிரி வாங்கலாம் என்று சாரே சொல்வார்.