தீ கேட்காத பறை

எங்கள் செட்டில் பறை ஆறு, தவில் ஒன்று, நாதஸ்வரம் ஒன்று. போன வாரம் அந்த ஆறு பறையில் ஒன்று மட்டும் ஃபைபர். என்னுடையது. வெள்ளிக்கிழமை மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா, சனிக்கிழமை திருச்சியில் கல்யாண வரவேற்பு, ஞாயிற்றுக்கிழமை சென்னையில் காலையும் மாலையுமாக இரண்டு நிகழ்ச்சி. மதுரையிலிருந்து போக வர 900 கிலோமீட்டருக்கு மேல். திரும்பி வந்ததிலிருந்து மற்ற செட்டுக்காரர்கள் போன் செய்து "அது எப்படி இருக்கு, வாங்கலாமா" என்று கேட்டபடி இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

விலை 3,400 ரூபாய். வாய் அகலம் 14 அங்குலம். மரச்சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபைபர் வளையம். தோல் இருக்க வேண்டிய இடத்தில் டிரம்ஸ் செட்டில் பார்ப்போமே, அந்த மாதிரி வெள்ளை பாலியெஸ்டர் தகடு. அதை இழுத்துப் பிடிக்க ஓர் இரும்பு வளையமும் எட்டு போல்ட்டும். கூடவே ஒரு ஸ்பேனரும் தோள் வாரும் தருகிறார்கள். கடை பெயரைக் கேட்காதீர்கள். கடைக்காரர் நல்ல மனிதர், கீழே நிறைய குறை சொல்லப் போகிறேன்.

ஏன் வாங்கினேன் என்றால், தீ. எங்கள் பறையின் சட்டம் வேப்பமரம். வளைவாகச் செதுக்கிய மூன்று துண்டு, மூட்டுகளில் இரும்புப் பட்டை. சுண்ணாம்பு போட்டு முடி நீக்கிய மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருக்கும். தோல் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துத் தொய்ந்துவிடும். வைக்கோலையோ பேப்பரையோ கொளுத்திக் காட்டினால் இறுகிச் சுதி ஏறும், கொஞ்ச நேரம் அடித்தால் இறங்கும், மறுபடி காட்ட வேண்டும். ஊர்த் திருவிழாவில் இது ஒரு விஷயமே இல்லை. கல்யாண மண்டபத்தில், காலேஜ் ஆடிட்டோரியத்தில், அபார்ட்மென்ட் வாசலில் தீப்பெட்டியை எடுத்தாலே செக்யூரிட்டி ஓடி வருகிறார். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்த பிறகு, பறையைப் பற்றி ஒன்றுமே தெரியாத வீடுகளிலிருந்துகூட எங்களுக்கு போன் வருகிறது. சந்தோஷம்தான். ஆனால் கூப்பிடுகிறவர்கள் பாதிப் பேருக்கு, பறை வந்தால் கூடவே தீயும் வரும் என்பது தெரியாது.

வெள்ளிக்கிழமை முளைப்பாரி. கோயிலிலிருந்து கண்மாய்க்கு ஊர்வலம், பெண்கள் வரிசையாகத் தலையில் சுமந்து வர நாங்கள் முன்னால் அடித்துப் போக வேண்டும். கிளம்பி நூறு அடி போகவில்லை, மழை பிடித்துக்கொண்டது. வைகாசி மழைதான், அரை மணி நேரம். ஆனால் பலமாகவே அடித்தது. ஐந்து பறையும் ஐந்து நிமிஷத்தில் விழுந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். ஈரத்துணியைத் துவைகல்லில் போட்டமாதிரி பொத் பொத்தென்று. கொண்டுபோன வைக்கோலும் நனைந்து கிடந்தது. சாமி காரியம் நடுவில் நிற்கக் கூடாது. எங்கள் செட்டு ஆசான் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பதினோரு வருஷமாக அடிக்கிறேன், ஊர்வலத்தை ஒருநாளும் நான் இழுத்துப் போனதில்லை. தவில்காரர் உறை போட்டு மூடிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். நான் மட்டும் சப்பரத்தடி என்கிற தாள அடியை எடுத்துக் கண்மாய்க் கரை வரைக்கும் கொண்டுபோனேன். தகட்டில் விழுந்த தண்ணீர் ஒவ்வொரு அடிக்கும் முகத்தில் தெறித்தது, சுதி மட்டும் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

இந்த அரை மணி நேரத்துக்கே 3,400 ரூபாய் கழிந்துவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அடுத்த அரை மணி நேரத்தில் கதை மாறியது. மழை விட்டதும் ஊர்க்காரர் ஒருவர் பழைய அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து போட்டார். தீ மூட்டி, ஐவரும் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டி, எழுந்து வந்தார்கள். ஆசான் ஒரே ஓர் அடி அடித்தார். கணீர் என்று கண்மாய்க்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பக்கத்தில் என் பறை எப்படிக் கேட்டது என்பதை அவர் வாயாலேயே சொல்கிறேன்: "என்ன தாயி, வாளியத் தட்டுன மாதிரி இருக்கு."

அவர் சொன்னது சரிதான். தோல் பறையில் அடிக்குச்சி விழுந்தால் அடிவயிற்றில் ஒரு கனம் இறங்கும், அப்புறம்தான் சத்தம் காதுக்கு வரும். ஃபைபரில் சத்தம் நேராகக் காதுக்கே வருகிறது. அடித்து முடித்த பிறகும் 'ங்ங்' என்று ஒரு வால் இழுத்துக்கொண்டு நிற்கிறது. வேகமான அடியில் இந்த வால்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எந்த அடி எங்கே முடிந்தது என்றே தெரியாமல் போகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. மற்ற ஐந்தும் காய்ச்சியதும் ஏறி, அடிக்க அடிக்க ஒன்றாக இறங்கி வரும். என்னுடையது மட்டும் வைத்த இடத்திலேயே நிற்கும். எல்லோரும் நகரும்போது ஒருத்தி நகராவிட்டால் அபசுரம் அவள்தான். போல்ட்டைத் திருகிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். ஆடிக்கொண்டே எட்டு போல்ட்டைத் திருக எனக்கு இன்னும் நான்கு கை வேண்டும்.

சனிக்கிழமை திருச்சி. மண்டபம் முழுக்க ஏசி. பின்பக்கம் தீ மூட்டக் கூடாது என்றுவிட்டார்கள். ஐவரும் தெருமுனைவரை நடந்து, ஒரு மரத்தடியில் காய்ச்சிக்கொண்டு வந்தார்கள். (ஏசி காற்று உலர்ந்த காற்று. வெளியே ஒருமுறை ஒழுங்காகக் காய்ச்சிவிட்டால் தோல் உள்ளே நன்றாகவே நிற்கும். இதைச் சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு.)

நாங்கள் வாசலில் நின்றிருந்தபோது பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து என் பறையைத் தொட்டுப் பார்த்தார். "இது தோல் இல்லையாமே? அப்ப இத மட்டும் உள்ள கொண்டு வரலாமேம்மா" என்றார். மற்ற ஐந்தும் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஆசான் சத்தம் போடவில்லை. "உள்ள வந்தா ஆறும் வரும்யா, இல்லாட்டி ஆறும் வேன்ல ஏறும்" என்று மட்டும் சொன்னார். எங்களைக் கூப்பிட்டது மாப்பிள்ளை. அவரே வெளியே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார், ஆறும் போனது. பிளாஸ்டிக் என்பதால் எனக்கு மட்டும் கதவு திறக்கும் என்பதை நான் வாங்கும்போது யோசிக்கவே இல்லை. கடைக்காரர் இதையும் ஒரு வசதியாக விளம்பரத்தில் போடாமல் இருந்தால் நல்லது.

உள்ளே போனால் அந்த 'ங்ங்' பத்து மடங்கு ஆகிவிட்டது. நாலு பக்கமும் கண்ணாடி, கீழே டைல்ஸ். சவுண்டு பார்க்கிற தம்பி என்னை மைக்கிலிருந்து தள்ளித் தள்ளிச் சுவர் ஓரத்துக்கே கொண்டுபோய்விட்டார். இடைவேளையில் ஒரு வேலை செய்தேன், வாங்குகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பறையின் பின்பக்கம் திறந்துதானே இருக்கிறது. என் துண்டின் ஓரத்தில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கிழிசல் எடுத்து, நாலாக மடித்து, தகட்டின் உள்பக்கம் விளிம்பை ஒட்டிப் பிளாஸ்திரியால் ஒட்டினேன். நடுவில் ஒட்டினால் சத்தமே செத்துவிடும். விளிம்பில், அதுவும் அடிக்குச்சி விழுகிற இடத்துக்கு எதிர்ப்பக்கம் ஒட்ட வேண்டும். வால் பாதியாகக் குறைந்தது. இன்னொரு கையில் பிடிக்கிற மெல்லிய சிண்டுக்குச்சியையும் மாற்றினேன். புது மூங்கில் குச்சி தகட்டில் வழுக்குகிறது, சத்தமும் ஊசி மாதிரி கிளம்புகிறது. தேய்ந்து நார் நாராகிப்போன பழைய குச்சி ஒன்று பையில் கிடந்தது, அதற்குத்தான் இந்தத் தகடு கொஞ்சம் மரியாதை கொடுத்தது.

சாப்பிட்டுக் கிளம்பப் பதினொன்று ஆகிவிட்டது. வேனில் பறைகளைக் கடைசி சீட்டில் போர்வை விரித்து அடுக்குவோம், தோல் பறையின் முகத்தோடு முகம் வைத்து. ஃபைபரை அப்படி வைக்க முடியாது, போல்ட்டின் தலை பக்கத்துத் தோலைக் கிழித்துவிடும். அதனால் சென்னைவரைக்கும் அது என் மடியில்தான் வந்தது. சமயபுரம் டோல்கேட் தாண்டும்போதே கடகடவென்று ஒரு சத்தம். உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தியபோது டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு நட்டு தளர்ந்திருந்தது, ஒன்று காணவே இல்லை. சீட்டுக்கு அடியில் எல்லோரும் குனிந்து தேடியதுதான் மிச்சம். காலையில் மேடவாக்கம் பக்கம் ஒரு பைக் மெக்கானிக் கடையில் அதே அளவு நட்டு கிடைத்தது. காசு வாங்கவில்லை, ஓர் அடி அடித்துக் காட்டச் சொன்னார், அவ்வளவுதான். மரப்பறையில் கழன்று விழ ஒன்றும் கிடையாது. 3,400 ரூபாய்க்கு விற்கிறவர் இரண்டு நட்டு உபரியாகக் கொடுத்திருக்கலாம், அடியில் ஒரு வாஷரும் போட்டிருக்கலாம்.

ஞாயிறு காலை ஒரு குடியிருப்பில் ஆண்டு விழா. இருபது நிமிஷம் அடித்தோம், இட்லி நன்றாக இருந்தது.

மாலை பெசன்ட் நகர் கடற்கரையோரம். 2007இல் சென்னை சங்கமம் தொடங்கியபோது பூங்காவிலும் கடற்கரையிலும் நாட்டுப்புறக் கலைகளை நிறுத்தினார்கள். அன்றையிலிருந்து சென்னையில் விழா எடுப்பவர்களுக்குக் கடற்கரை என்றால் ஓர் ஆசை. பார்க்க அழகுதான், தோலுக்குத்தான் எமன். உப்புக்காற்று பத்து நிமிஷத்தில் சுதியை உருவிவிடும். காற்று அடித்த அடியில் தீக்குச்சி நிற்கவில்லை. எப்படியோ பற்ற வைத்த பேப்பர் பொறி பொறியாகப் பறந்து ஒரு ஐஸ்கிரீம் வண்டியின் குடைப்பக்கம் போனது. அவர் திட்டியதை எழுத முடியாது. அன்று மூன்று பாட்டுக்கு இரண்டு பாட்டு என் பறைதான் தூக்கி நிறுத்தியது. திறந்தவெளியில் அந்த 'ங்ங்' காற்றோடு போய்விடுகிறது. கடற்கரை இரைச்சலில் இந்தக் கூர்மையான சத்தம்தான் பின்வரிசைவரை எட்டியது. உள்ளே ஒட்டிய துண்டுத் துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு அடித்தேன்.

தோளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் வேப்பமரப் பறையைவிட இது முக்கால் கிலோ குறைவு. மூன்று நாள் ஆடியும் திங்கட்கிழமை இடது தோளுக்குத் தைலம் தேய்க்கவில்லை. ஆனால் கொடுத்த வார் மட்டம், நைலான், கழுத்தை அறுக்கிறது. முதல் நாளே கழற்றிவிட்டு என் பழைய துணி வாரைக் கட்டிக்கொண்டேன்.

வாங்கலாமா என்றால், ஒரு செட்டுக்கு ஒன்று வாங்கலாம். மழைக்கும் கடற்கரைக்கும் தீ மூட்ட விடாத இடங்களுக்கும். தோல் கிழிந்தால் வேறு தோல் ஒட்டிக் காயவைத்து வாங்க நாலைந்து நாள் ஆகிவிடும், சீசனில் அந்த நாலு நாளைக்கும் கைகொடுக்கும். ஆறையும் ஃபைபராக மாற்றப் போகிறேன் என்று தேனிப் பக்கத்து செட்டுக்காரர் ஒருவர் சொன்னார். வேண்டாம் அண்ணே. மேற்கத்திய டிரம்ஸ்காரர்கள் 1950களின் கடைசியிலேயே தோலை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு வந்தவர்கள். ஆனால் அவர்களுக்கு அந்தத் தகட்டோடு பெரிய தொட்டி, அடியில் இன்னொரு தகடு, மேலே மைக் எல்லாம் இருக்கிறது. நமக்கு நாலு விரற்கடை சட்டம்தான், சத்தத்தின் கனம் முழுக்கத் தோலிலிருந்து வர வேண்டும். அதுவுமில்லாமல், காய்ச்சுகிற அந்தப் பத்து நிமிஷம்தான் நாங்கள் உட்காருகிற நேரம். வெற்றிலை போடுவது, அடுத்த அடி என்ன என்று பேசிக்கொள்வது, யார் தப்பாக அடித்தார்கள் என்று சண்டை போடுவது எல்லாம் அந்தத் தீயைச் சுற்றித்தான். மூன்று நாளும் எனக்குக் காய்ச்ச ஒன்றுமில்லை. மற்றவர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்க நான் மட்டும் கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தேன்.

கடைக்காரரிடம் எல்லாவற்றையும் போனில் சொன்னேன். தடித்த தகடு ஒன்று வந்திருக்கிறது, 'ங்ங்' குறையும், 450 ரூபாய் என்றார். இன்னும் வாங்கவில்லை.

ஆசான் இதற்கு 'வாளி' என்றே பெயர் வைத்துவிட்டார். நேற்று ராத்திரி போன் செய்தார். வருகிற வெள்ளிக்கிழமை நத்தம் பக்கம் ஒரு கோயில், அட்வான்ஸ் வந்துவிட்டது, நாலு மணிக்கு வேன் என்று சொல்லிவிட்டு வைக்கப் போனவர், "தாயி, மானம் ஒரு மாதிரியா இருக்கு. அந்த வாளிய எடுத்துக்க" என்றார்.