டெம்பரா, ஃபிலிமா, வெறும் திரையா?

போன் வாங்கியதுமே கடைக்காரர் கேட்பார்: "டெம்பர் ஒட்டிரலாமா சார்? 9 ஹெச்!" திரைமேல் ஒட்டும் டெம்பர்டு கண்ணாடியைத்தான் சொல்கிறார். கடினத்தை அளக்கும், வைரத்துக்கு 10 போடும் மோஸ் அளவுகோலில் இது 9 போலிருக்கிறது என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது வெறும் பென்சில் கணக்கு. 9 ஹெச் பென்சிலால் இழுத்தால் கோடு விழாது, அவ்வளவுதான். ஜன்னல் கண்ணாடிகூட அதில் பாஸாகிவிடும்.

மோஸ் கணக்கில் கண்ணாடி ஏறக்குறைய 5.5 முதல் 6 வரை. பித்தளைச் சாவி 3 பக்கம்தான். சாவியால் திரைக்கு ஆபத்தில்லை. வில்லன் மணல். அதிலுள்ள குவார்ட்ஸ் 7. பீச்சுக்குப் போய்வந்து சட்டை நுனியால் திரையைத் துடைத்துவிட்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள், முடி முடியாகக் கோடுகள் தெரியும்.

வெறும் திரை ஒன்றும் நோஞ்சான் இல்லை. உருகிய பொட்டாசியம் உப்பில், 400 டிகிரி செல்சியஸ் வாக்கில், அந்தக் கண்ணாடியை ஊறப்போடுகிறார்கள். சோடியம் அயனி எழுந்துபோன இடத்தில் அதைவிடப் பருத்த பொட்டாசியம் வந்து உட்காரும், பஸ் சீட்டில் நடப்பதுபோல. மேற்பரப்பு நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் விரிசல் எளிதில் வாய் பிளக்காது. ஆனால் கீறல் விழுவதை இது பெரிதாகத் தடுக்காது. கீறல் அழகுப் பிரச்சினை மட்டுமில்லை. கண்ணாடிக்கடையில் கட்டரால் ஒரு கோடு இழுத்து, லேசாகத் தட்டினால் 'டக்'கென்று பிரிகிறதே, அதே கதைதான். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளே கண்ணாடியின் பலத்தைக் குறைக்கின்றன என்று கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921-லேயே எழுதிவிட்டார்.

ஃபிலிம்? டிபியு என்கிற ரப்பர் மாதிரி நெகிழும் பிளாஸ்டிக் என்றால் மெல்லிய கோடுகள் கொஞ்ச நேரத்தில் தானே மறையும். வளைந்த திரைக்கும் நன்றாகப் படியும். ஆனால் விரல் வழுக்காமல் இழுக்கும். கீழே விழுந்தால் பெரிய உதவி இல்லை.

டெம்பரும் கண்ணாடிதானே, அதையும் மணல் கீறும். எண்ணெய் ஒட்டாமலிருக்கப் பூசிய பூச்சு சில மாதங்களில் தேய்ந்து, அப்புறம் விரல் ஒட்ட ஆரம்பிக்கும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான், தேய்ந்தால் உரித்துப் போட்டுவிடலாம் என்பதால். என் போனில் இருப்பது மூன்றாவது டெம்பர். கீழ் மூலை பெயர்ந்து, நடுவில் ஒரு நீளக் கோடு. போன வாரம் அதன் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன்: அடியில் திரை வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.