வெள்ளவத்தை – புறக்கோட்டை: காற்றா, ஒயிலா, கூலன்டா?

கொழும்பில் காலை எட்டு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் வேகம் தொடும் என்பது முக்கியமில்லை. கலர் லைட்டில் நிற்கும்போது எஞ்சின் எவ்வளவு கொதிக்கிறது என்பதுதான் முக்கியம்.

பல்சர் 150, யமஹா எஃப்இசட் போன்றவை காற்றில் ஆறுபவை. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் காற்றுப் பட்டால்தான் சூடு இறங்கும். பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுவிட்டால் காற்று எங்கே? நான் ஓட்டிய பழைய 150 சிசி வண்டி, ஆமர் வீதியில் அரை கிளட்சில் ஊர்ந்து வந்தால் நியூட்ரலுக்கு விழவே மறுக்கும், டப்பட் சத்தமும் (எஞ்சின் தலையில் வால்வுப் பக்கம் கேட்கும் டக்டக் சத்தம்) கூடும். சூட்டில் ஒயில் நீர்த்துப் போவதன் அடையாளம் அது. ஆனாலும் சின்ன எஞ்சின், தகடுகளில் சேறு படியாமல் பார்த்து, ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் தாங்கும்.

பல்சர் 220, அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி ஆகியவற்றில் ஒயில் கூலர் உண்டு, எஞ்சின் ஒயிலை ஆறவைக்கும் சின்ன ரேடியேட்டர் மாதிரி. பலர் ஏமாறுவது இங்கேதான். அந்தக் கூலருக்கு விசிறி கிடையாது, அதற்கும் ஓடும் காற்று வேண்டும். நிற்காமல் ஓடும் புத்தளம் வீதியில் அருமையாக வேலை செய்யும். நெரிசலில் சில நிமிடங்கள் தாமதமாகச் சூடாகும், அவ்வளவுதான்.

பல்சர் என்எஸ்200, யமஹா ஆர்15 இரண்டிலும் கூலன்ட் என்ற திரவம் எஞ்சினின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும். அந்த ரேடியேட்டருக்கு மின்விசிறி இருப்பதால் நின்றாலும் சூடு இறங்கும். காலில் வெக்கை அடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றிச் சமாளித்தால் உள்ளே துருவும் உப்பும் படியும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம், கொதிநீர் முகத்தில் பாயும்.

பேச்சில் யாரும் சேர்க்காதது ஹொண்டா டியோ மாதிரி ஸ்கூட்டர். அதன் விசிறி எஞ்சினோடு சேர்ந்தே சுற்றுகிறது, ஸ்டார்ட்டில் இருக்கும் வரை காற்று வரும். சில கராஜ்களில் உடைந்த பிளாஸ்டிக் கவசத்தைத் திரும்பப் போடாமலே விடுகிறார்கள். அந்தக் காற்றைச் சிலிண்டருக்குக் கொண்டுபோவதே அந்தக் கவசம்தான், கேட்டு வாங்கிப் போடுங்கள்.

கொழும்புக்குள் மட்டும் ஓடுபவருக்கு ஸ்கூட்டரே என் தெரிவு. அடிக்கடி யாழ்ப்பாணமும் போகிறவர் என்றால் ரேடியேட்டர் வண்டி. 2020 இலிருந்து சில வருடங்கள் இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வண்டிதான் பலருக்கும் கைக்கு எட்டும். அப்படி ரேடியேட்டர் வண்டி வாங்கப் போனால், ஸ்டார்ட் செய்து, எஞ்சினை அணைக்காமல் நின்ற இடத்திலேயே சூடாக விடுங்கள். விசிறி சுழலும் சத்தம் கேட்ட பிறகு விலை பேசுங்கள்.