டாண்டலமா, அலுமினியமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் பழைய ஆம்ப்ளிஃபயரைத் திறந்தாலே மாமா கேட்பார்: "தம்பி, எந்தக் கெப்பாசிட்டர் போடப்போற?"

மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்புதான் கெப்பாசிட்டர்; அலுமினியத்திலும் வரும், டாண்டலம் என்ற உலோகத்திலும் வரும். விலை பார்த்தால் அலுமினியம்தான். ஆனால் உள்ளே உள்ள, மின்சாரம் கடத்தும் திரவம் (எலக்ட்ரோலைட்) சூட்டில் மெல்லக் காய்ந்துவிடும்.

டாண்டலம் வேறு ரகம். பொட்டாசியம் டாண்டலம் ஃபுளோரைடைச் சோடியத்தால் ஒடுக்கி, அதாவது ஃபுளோரினைப் பிரித்து, உலோகத் தூள் எடுக்கிறார்கள். அதை அழுத்தி, வெற்றிடத்தில் சூடாக்கினால் கடற்பஞ்சு போன்ற கட்டி. அதன் துளைச் சுவரெங்கும் மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலத்தின் மின்காப்பு மாறிலி (கூடினால் அதிக மின்னூட்டம் தாங்கும்) சுமார் 27; அலுமினிய ஆக்சைடுக்கோ 9 போல. நகக்கண் அளவுக்குள் அவ்வளவு மின்னூட்டம் அடங்குவது இதனால்தான்.

ஆனால் மகா கோபக்காரன்! முனை மாற்றி வைத்தால் தீயே பிடிக்கலாம். மின்வெட்டு முடிந்து கரண்ட் குதித்துக்கொண்டு வரும் நம் ஊரில், 12 வோல்ட் இடத்தில் 25 வோல்ட் டாண்டலம்தான் போடுவேன். பவர் சப்ளை வடிகட்டிக்கு அலுமினியம், மின்கசிவு குறைய வேண்டிய டைமர் சர்க்யூட்டுக்கு டாண்டலம்.

அப்புறம், இந்த உலோகங்கள் வரும் வழி. அலுமினியத்தை நம் நாட்டு ரிச்சர்ட்ஸ் பே நகரிலேயே உருக்குகிறார்கள். டாண்டலத் தாதுவில் பெரும்பங்கு காங்கோ, ருவாண்டா பக்கம் தோண்டப்படுகிறது. காங்கோவில் அந்தப் பணம் ஆயுதக் குழுக்களுக்கும் போனதால், தாதுவின் மூலத்தை நிறுவனங்கள் விசாரித்துச் சொல்ல வேண்டுமென்று 2010இல் அமெரிக்கா சட்டமே போட்டது.